குழலியின் மறுவரவு

ஆத்மா உண்டா இல்லையா என்று ஆயிரக்கணக்கான வருஷமாக நடந்துகொண்டிருந்த சண்டையை ஒரு பெல்ட் வந்து தீர்த்துவைத்தது. ஆமாம், பெல்ட்தான். நெற்றியைச் சுற்றிக் கட்டுவது ஒன்று, வயிற்றைச் சுற்றிக் கட்டுவது ஒன்று. சாகிறவர்களின் நெற்றியில் கட்டினால், கடைசி மூச்சுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஓடுகிற ஒரு மெல்லிய மின்துடிப்பை அது பிடித்துக்கொள்ளும். ஒருவருடைய துடிப்பு இன்னொருவருக்கு இருக்காது, கைரேகை மாதிரி. அதற்கு உயிர்த்தடம் என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் யார் செத்தாலும் தடத்தை எடுத்து அரசாங்கக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எதற்கென்று அப்போது யாருக்கும் தெரியாது. நம் ஊரில் எதையும் முதலில் சேர்த்து வைத்துவிடுவோம், எதற்கு என்பது பிறகுதான்.

பிறகு ஒருநாள், ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் பெல்ட்டைக் கட்டிப் பார்த்தபோது, காப்பகத்தில் கிடந்த ஒரு தடம் அச்சு அசலாக அங்கே வந்து நின்றது. செத்துப்போன அவளுடைய மூத்த பிள்ளையின் தடம்.

அவ்வளவுதான், நாடே பொங்கிவிட்டது. 'நாங்கள் அன்றைக்கே சொல்லவில்லையா' என்று மடங்களில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். கருத்தரித்த நொடியிலேயே ஆண்டவர் புதிதாக ஓர் ஆத்மாவைப் படைக்கிறார், பழையது திரும்பி வராது என்று மாதா கோவில்களில் பாதிரியார்கள் தொண்டை வற்றப் பிரசங்கம் செய்தார்கள். நாலு மாதம் கழிந்து உயிர் ஊதப்படுவதைப் பற்றி எங்களுக்குச் சொல்ல மெஷின் தேவையில்லை என்றார் பள்ளிவாசல் இமாம். அரசாங்கம் எல்லாரையும் கேட்டது, கூட்டம் எங்கே பெரிது என்று பார்த்தது, சட்டம் போட்டது. மறுவரவுச் சட்டம். தடம் பொருந்திய கரு முழு மனித உயிர், அதைக் கலைத்தால் கொலை. பொருந்தாத கருவுக்குப் 'புதுசு' என்று பெயர். புதுசைக் கலைக்க எந்தத் தடையும் கிடையாது. போன பிறவி என்று ஒன்று இல்லாததற்கு இந்தப் பிறவி மட்டும் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. ஒரு நல்ல காரியம், பெல்ட் கட்டிப் பார்ப்பதைக் கட்டாயம் ஆக்கவில்லை. பார்க்காதவரை யாரும் யாருமில்லை.

அந்தக் காலத்தில்தான் தென்காசியில் ஆவுடை இரண்டாவது முறையாகப் பிள்ளை உண்டானாள்.

ஆவுடை பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தினமும் காலையில் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்குவாள். அவள் பிள்ளை மட்டும் அந்த பஸ்ஸில் ஏறி மூன்று வருஷமாகிவிட்டது. குற்றாலத்து அம்மன் பெயரை வைத்து, குழல்வாய்மொழி என்பது வாயில் நுழையாமல் குழலி என்று கூப்பிட்ட பிள்ளை, ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். போனதைக்கூட ஆவுடை ஒருமாதிரி விழுங்கிக்கொண்டாள். ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்க, பிள்ளை அந்தப் பக்கம் குழாய்களுக்கு நடுவில் 'அம்மா எங்க, அம்மா எங்க' என்று கேட்டுக்கொண்டே போனதாம். நர்ஸ் ஒருத்தி பிறகு வந்து நல்லெண்ணத்தில் சொன்னாள். அந்த நல்லெண்ணம்தான் ஆவுடையை மூன்று வருஷமாகத் தின்றுகொண்டிருந்தது.

ஸ்கேன் அறையில் டாக்டர் ஜெசிந்தா திரையை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தூத்துக்குடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. ஆவுடையோடு அவள் புருஷன் சொரிமுத்துவும் மாமியார் மூக்கம்மாளும் வந்திருந்தார்கள்.

"ஆவுடை, சுத்தி வளைக்க மாட்டேன். பிள்ளைக்கு ரெண்டு கிட்னியும் இல்ல. கிட்னி இல்லன்னா பனிக்குடத்துல தண்ணி ஊறாது. தண்ணி இல்லன்னா நுரையீரல் வளராது. வயித்துக்குள்ள இருக்கிறவரை உங்க மூச்சுல அது இருந்துக்கும். வெளிய வந்ததும் மூச்சுக்குத் தவிக்கும். கொஞ்ச நேரம். அவ்வளவுதான்."

"ஏதாவது ஆபரேசன், கீபரேசன்..." என்றான் சொரிமுத்து.

"ஒண்ணும் கெடையாதுப்பா. இருந்தா சொல்ல மாட்டேனா?" டாக்டர் ஆவுடையின் கையைப் பிடித்தார். "கலைச்சிரலாம். என் சபையில இதுக்கு மன்னிப்பு இல்ல. இருபது வருஷமா யாருக்கும் செஞ்சதும் இல்ல. ஆனா மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையை நான் பாத்திருக்கேன். பாவம்னா அது என் கணக்குல இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு, பெல்ட் மட்டும் கட்டிப் பாக்காதீங்க. கட்டிப் பாத்துப் பொருந்திருச்சுன்னா என் கையும் கட்டு, உங்க கையும் கட்டு."

ஆவுடை தலை நிமிரவில்லை. "கட்டிப் பாக்கணும் டாக்டர்."

"ஏம்மா?"

"குழலியா இருந்தா?"

சொரிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மூக்கம்மாள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இவர்கள் பக்கத்தில், வயசுக்கு வராமல் செத்த பெண்பிள்ளையை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவார்கள். நடுவீட்டில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் சிற்றாடை, வளையல், பொட்டு. வருஷத்துக்கு ஒருமுறை புதுச் சிற்றாடை எடுத்து, பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். குழலிக்குத் தேங்காய்ப் பாலும் ஆப்பமும். போன தை மாதப் படையலில் மூக்கம்மாள் மேல் கன்னி இறங்கிவிட்டது. அறுபது வயதுக்காரி ஆறு வயதுக் குரலில், "எனக்கு இங்க போரடிக்கு. நான் அம்மா மடிக்கு வாரேன்" என்றாள். அடுத்த மாதம் ஆவுடைக்குத் தள்ளிப்போனது. அப்புறம் அவளைப் பெல்ட் கட்டாதே என்றால் கேட்பாளா? நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

டாக்டர் விடவில்லை. "ஆவுடை, எனக்கு இந்த பெல்ட் மேல நம்பிக்கை இல்ல. மதத்தை விடுங்க. செத்த பிள்ளை திரும்பி வருது, பிள்ளைத்தாய்ச்சியைப் பெத்த அம்மா திரும்பி வாராங்க. பிள்ளையோட அப்பாவைப் பெத்த தாத்தா ஒருத்தராவது வந்திருக்காரா? பத்து வருஷத்துல ஒரே ஒருத்தர்? ஏன் வரல?"

"எங்க வீட்டு ஆம்பிளைய உசுரோட இருக்கையிலயே ஒழுங்கா வீடு வந்து சேர மாட்டாவ. செத்த பொறவா வரப் போறாவ?" என்றாள் மூக்கம்மாள்.

வேறு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு அவளே சிரிக்கவில்லை.

பெல்ட்டைக் கட்டினார்கள். திரையில் கோடு நெளிந்து, நின்று, பச்சையானது. பதிவு செய்யப்பட்ட பெண்குரல் ஒன்று கல்யாணப் பத்திரிகை வாசிப்பதைப் போலக் குளிரக் குளிரச் சொன்னது: "மறுவரவு உறுதி. சொ. குழல்வாய்மொழி. நல்வாழ்த்துகள்."

மூக்கம்மாள் குலவையிட்டாள். ஆஸ்பத்திரி நடையில் இருந்த பெண்கள் என்ன ஏதென்று கேட்காமலே சேர்ந்து குலவையிட்டார்கள். ஆவுடை தன் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "வந்துட்டியா தங்கம், வந்துட்டியா" என்று தேம்பினாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொரிமுத்து வெடித்தான். கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவன், அதிர்ந்து பேசாதவன். "கேட்டேல்லா அந்தம்மா சொன்னத? மூச்சுக்குத் தவிக்குமாம். ஒருக்க செத்தது பத்தாதுன்னு எம்பிள்ளய மறுபடியும் சாகக் கூட்டிட்டு வாரியா நீ?"

"நான் கூட்டிட்டு வரலங்க. அவளா வாரா."

"வந்து?"

"வந்துட்டுப் போட்டும். இந்தத் தடவ எம்மடியில கெடந்து போட்டும். அம்மா எங்கன்னு கேக்கையில இந்தா இருக்கேம்னு நான் சொல்லணும். அது போதும் எனக்கு. அதுக்குக்கூட எனக்கு விதி இல்லங்கீயளா?"

சொரிமுத்து துண்டை வாயில் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. எப்படியும் சட்டம் கதவைச் சாத்தியாகிவிட்டது. இனி மனசு மாறினாலும் பிரயோஜனமில்லை.

கன்னி வயிற்றுக்கு வந்துவிட்டாள், இனிப் பெட்டியில் இருப்பது யார்? மூக்கம்மாள் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. ஒரே உயிரை இரண்டு இடத்தில் வைத்துக் கும்பிடக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்றாள். சொந்தபந்தம் கூடி, பொங்கலிட்டு, ஓலைப்பெட்டியைச் சிற்றாற்றில் விட்டுவிட்டு வந்தார்கள். ஒரே ஒரு சிற்றாடையை மட்டும் ஆவுடை எடுத்து வைத்துக்கொண்டாள், பிறந்ததும் போடுவதற்கு. பெட்டி இருந்த இடம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

ஊர் அவளைக் கொண்டாடியது. மடத்திலிருந்து ஆள் வந்து விபூதி கொடுத்துவிட்டுப் போனார்கள். கருக்கலைப்பு வேண்டாம் என்று கொடி பிடிக்கிற சபைக்காரர்கள் சிலர்கூட, மறுபிறவி பொய்தான் என்றாலும் பிள்ளையைக் காப்பாற்றியது நிஜம்தானே என்று ஒரு கூடைப் பழம் கொண்டுவந்தார்கள். பிள்ளை எப்படிப் பிறக்கும், பிறந்து என்ன ஆகும் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிறக்கிறவரைதான் எல்லாருக்கும் அக்கறை, அதற்கு மேல் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆவுடை தன் பாட்டுக்கு வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். "குழலி, ஒன் கூடப் படிச்ச மாடத்தி இப்ப நாலாங்கிளாஸ். முன்பல்லு மொளைச்சிட்டு" என்பாள். "குழலி, ஆப்பம் சாப்பிடுதேன், ஒனக்குத்தான்" என்பாள். பஸ் ஓட்டுவதை நிறுத்தச் சொன்ன பிறகும் ஸ்டாப்பில் போய் நின்று பிள்ளைகளை வயிற்றுக்குக் காட்டினாள். உள்ளே இருந்தது தண்ணீரில்லாத இடத்தில் நெருக்கிக்கொண்டு, அதிகம் அசைய முடியாமல் கிடந்தது. எப்போதாவது ஒரு சின்ன உதை கொடுக்கும். குழலி இவ்வளவு அமைதியாக இருந்தவள் இல்லையே என்று ஒருமுறை அவளுக்குத் தோன்றியது. பாவம், மூன்று வருஷம் தனியாக இருந்த பிள்ளை, பழக வேண்டாமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

நாள் நெருங்குமுன்பே வலி கண்டுவிட்டது. பிறந்தது ஆண்.

"ஆணா வந்திருக்கா எம்பேத்தி" என்றாள் மூக்கம்மாள், கொஞ்சமும் தயங்காமல். பிறவி மாறும்போது சட்டை மாறத்தானே செய்யும். டாக்டர் ஜெசிந்தா கட்டிலுக்குப் பக்கத்தில், திரைக்கு முன்னால் நின்றிருந்தார். நர்ஸ் பிள்ளையைத் துடைத்து ஆவுடையின் மார்பில் போட்டாள். ஆறு வயதுக்காரியின் சிற்றாடைக்குள் அவன் முழுசாகத் தொலைந்துபோனான். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மொத்த உடம்பும் இழுத்தது. அழக்கூடக் காற்று இல்லை.

ஆவுடை அவனைத் தேடினாள். அவனை என்றா சொன்னேன்? குழலியைத் தேடினாள். குழலியின் மடிந்த காதுநுனி இருக்கிறதா என்று பார்த்தாள். குழலியின் நெற்றிச் சுழியைத் தடவிப் பார்த்தாள். நாடியில் குழி விழுகிறதா என்று விரலால் தொட்டாள். "குழலி, அம்மா இங்க இருக்கேன். இந்தா இருக்கேன் பாரு. எங்கயும் போகல. குழலி, குழலீ..." என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று வருஷமாகச் சொல்லாமல் தேக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. சொரிமுத்து செல்போனை எடுத்தான். மூக்கம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "வேண்டாம்யா. வீங்கிப்போன இந்த மொகம் எதுக்கு? அவ சிரிச்ச போட்டோ வீட்டுல எம்புட்டு இருக்கு" என்றாள். அவளும் அன்பில்தான் சொன்னாள்.

மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போய், அடுத்தது வரவில்லை. ஆவுடை அழவில்லை. "மடியிலதான் போனா. நல்லாப் போனா" என்றாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது. சட்டப்படி நர்ஸ் பிள்ளையின் நெற்றியில் சின்ன பெல்ட்டைக் கட்டித் தடம் எடுத்தாள். டாக்டர் ஜெசிந்தா திரையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். துக்கம்தான், ஆனால் ஆறுகிற துக்கம். முடியவில்லையே!

தீட்டு கழிந்து, உடம்பு தேறி, ஆவுடை ஒருநாள் மத்தியானம் தனியாக டாக்டரைப் பார்க்க வந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள்.

"டாக்டர், நான் எப்ப மறுபடியும் உண்டாகலாம்?"

"எதுக்கு ஆவுடை இவ்வளவு அவசரம்?"

"அவ காத்துக்கிட்டிருப்பால்லா? இந்தத் தடவ ஒடம்பு சரியா அமையல. அடுத்த தடவ நல்ல ஒடம்பா குடுப்பேன். ஒருக்க வந்தவ மறுக்க வர மாட்டாளா?"

டாக்டர் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தார். இப்போது அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. கதவைத் தாழிட்டுவிட்டு, "படும்மா" என்றார்.

ஆவுடையின் வெறும் வயிற்றில் பெல்ட்டைக் கட்டினார். கர்ப்பப் பதிவு இல்லாமல் அந்தப் பெல்ட் இயங்காது. அதனால்தான் வெறும் வயிற்றில் கட்டிப் பார்க்க இத்தனை வருஷம் யாருக்கும் வாய்க்கவில்லை, வழி இருந்தவர்களுக்குத் தோன்றவும் இல்லை. ஆவுடையின் பழைய பதிவை ஆபீஸில் இன்னும் மூடவில்லை. கோடு நெளிந்தது. நின்றது. பச்சையானது.

"மறுவரவு உறுதி. சொ. குழல்வாய்மொழி. நல்வாழ்த்துகள்."

ஆவுடை துள்ளி எழுந்தாள். "டாக்டர்! வந்துட்டாளா? அதுக்குள்ளயா?" கண்ணெல்லாம் தண்ணீர். "நான் சொன்னேம்லா! வந்துட்டா!"

"ஆவுடை. ஆவுடை, இங்க பாரும்மா. உன் வயித்துல யாரும் இல்ல."

"பெல்ட்டு சொல்லுதே!"

"அது உன் ரத்தத்தைச் சொல்லுது. பிள்ளை வயித்துல இருக்கும்போது, அதோட செல் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துரும். அந்தத் துடிப்பு செல்லுலயும் இருக்கும். பிள்ளை பெறந்தாலும் போகாது. பிள்ளை செத்தாலும் போகாது. முப்பது வருஷம்கூட அம்மா உடம்புல இருக்கும். இது டாக்டருங்களுக்கு ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். பெல்ட்டுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டுப் பாக்க யாருக்கும் மனசு வரல. அதேமாதிரி உன்னைப் பெத்த அம்மாவோட செல்லும் உங்கிட்ட இருக்கும். காப்பகத்துல செத்தவங்க தடம் மட்டும்தான் இருக்கு. அதனால பெல்ட்டு எப்பப் பாத்தாலும் செத்தவங்களைத்தான் காட்டும். குழலி திரும்பி வரலம்மா. உன்னை விட்டு அவ போகவே இல்ல."

வேறு ஒருத்திக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். பிள்ளை தன் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்றால் எந்தத் தாய்க்குத்தான் இனிக்காது? ஆவுடையும் ஒரு நொடி நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அந்தக் கை அப்படியே நின்றது.

"அப்ப..." என்றாள். "அப்ப எம்மடியில கெடந்தது யாரு?"

பக்கத்து அறையில் குலவைச் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ யாரோ திரும்பி வந்துவிட்டார்கள். டாக்டர் அது ஓய்கிறவரை காத்திருந்தார்.

"நெத்தியில எடுத்த தடம் எதோடயும் பொருந்தலம்மா. மேல எழுதிப் போட்டேன். ஊர்ல கலவரத்தை உண்டாக்காதீங்கன்னு பதில் வந்துச்சு. அவன் புதுசு, ஆவுடை. அவனை மாதிரி ஒருத்தன் அதுக்கு முன்னால இருந்ததே இல்ல" என்றார்.

ஆவுடை கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை மாதம் உள்ளே நெருக்கிக்கொண்டு கிடந்து, எப்போதாவது ஒரு உதை கொடுத்தானே, அது யார்? அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கிறாளா? பேசியதெல்லாம் அவனைத் தாண்டி வேறு ஒருத்தியிடம். ஒரு தவறும் செய்யாத பிள்ளையை, கலைக்காமல் வைத்திருந்து, மூச்சுக்குத் தவிக்க விட்டு, அக்காள் துணியைச் சுற்றி, அக்காள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பிவைத்திருக்கிறாள். குழலியாவது 'அம்மா எங்க' என்று கேட்டுவிட்டுப் போனாள். இவன் அம்மாவின் நெஞ்சிலேயே கிடந்து, அம்மா இல்லாமல் போயிருக்கிறான். பாவி நான், பாவி நான் என்று நெற்றியில் அறைந்துகொண்டாள். டாக்டர் கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவனைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. பெயர் இல்லை. சரி, முகத்தையாவது நினைத்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினாள். மடிந்த காதுநுனி வந்தது. நெற்றிச் சுழி வந்தது. நாடிக்குழி வந்தது, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு குழலி வந்து நின்றாள். அவளை விலக்கி விலக்கிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"டாக்டர், நீங்க பக்கத்துலயேதான நின்னிய? அவன் எப்டி இருந்தான்? மூக்கு எப்டி இருந்துச்சு? கண்ணத் தொறந்தானா? நீங்க பாத்திருப்பியள்லா? சொல்லுங்களேன்."

ஜெசிந்தா வாயைத் திறந்தார். ஏதாவது ஒரு முகத்தைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தவரைப் போல இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் திரையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், ஆவுடை."